3,697 பேரில் நாங்கள் மூவர்

2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்கு நானும் என் கணவரும் குடிபெயர்ந்தபோது, அந்த ஊரைப் பற்றி நாங்கள் அறிந்திருந்தவை அனைத்தும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஓர் அட்டவணைக்குள் அடங்கிவிட்டன. 2010 கணக்கின்படி அங்கு 3,487 பேர் வாழ்ந்தனர், ஊரின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர மைல், வெள்ளையர் பெரும்பான்மை, கறுப்பினத்தவர் குறிப்பிடத்தக்க சிறுபான்மை, ஆசியர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு, முதியவர்கள் மிகுதி. நான் புள்ளியியலில் முதுகலை படித்தவள் என்பதால் ஓர் ஊரை எண்களால் அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இயல்பாகவே இருந்தது. எட்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்த பிறகு, அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் இருக்கும் காரணத்தை ஊருக்குள் சென்று கேட்டால்தான் அது பொருள் தரும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பெருநகரப் புறநகர்களை விட்டு இத்தகைய சிற்றூர்களில் வீடு தேட எண்ணும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

டேட்டன் நகருக்குக் கிழக்கே, காரில் அரை மணி நேரத் தொலைவில், சோளமும் சோயாவும் விளையும் சமவெளியின் நடுவே இவ்வூர் இருக்கிறது. ஊரை ஒட்டிய கிளென் ஹெலன் காட்டில் ஊறும் நீரில் இரும்புச் சத்து மிகுந்திருப்பதால், அது வழியும் பாறை மஞ்சளும் காவியும் கலந்த நிறம் கொண்டுள்ளது. ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது. ஆயிரம் ஏக்கர் அளவுள்ள அந்தக் காட்டை ஹியூ டெய்லர் பர்ச் என்பவர், இறந்துபோன தம் மகள் ஹெலனின் நினைவாக 1929-இல் ஊரிலுள்ள ஆன்டியாக் கல்லூரிக்கு வழங்கினார். முதல் குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கே இருண்டுவிடும் நாள்களில், பேச்சுக்கு ஆளின்றி நான் தவித்தபோது, பனி மூடிய அந்தக் காட்டுப் பாதையில் நண்பகலில் ஒரு மணி நேரம் நடப்பதே எனக்கு மருந்தாக இருந்தது.

நாங்கள் வந்த மூன்றாம் நாள், அடுத்த வீட்டு அம்மையார் தம் தோட்டத்துத் தக்காளியையும் ஒரு தாளையும் கொண்டுவந்து கொடுத்தார். குப்பை எடுக்க வரும் கிழமை, மின்கட்டணம் கட்டுமிடம், சூறாவளி (டோர்னடோ) எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் செய்ய வேண்டியது, வார இதழ் கிடைக்குமிடம் எல்லாம் அதில் கையால் எழுதப்பட்டிருந்தன. எழுபது வயதைக் கடந்த அவர், தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். என் நாவுக்கு அது வரவில்லை. பல மாதங்கள் எந்த விளிச்சொல்லும் இல்லாமலே பேசி வந்தேன். அதை அவர் விலகலாகப் புரிந்துகொண்டார் என்பது பின்னர் தெரிந்ததும் வருந்தினேன். அந்த ஊரில் முதியவரைப் பெயர் சொல்லி அழைப்பது அவரை நெருக்கமானவராக ஏற்பதன் அடையாளம். நம் பழக்கத்தை விளக்கிச் சொல்லி, அவருடைய பழக்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிருக்கா. கடைசியில் "அத்தை" என்ற சொல்லின் பொருளை அவருக்குச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அத்தை ஆனார். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஓஹையோவில் "கிராமம்" என்பது பேச்சுவழக்குச் சொல் மட்டுமன்று, சட்டப் பெயரும்கூட. ஐயாயிரம் பேரை எட்டாத நகராட்சி கிராமம் எனப்படும். கூட்டாட்சிக் கணக்கெடுப்பில் அந்த எண்ணைத் தொட்டால் அது நகரமாகிவிடும். யெல்லோ ஸ்பிரிங்ஸ் 1970-இல் 4,600 பேரைத் தாண்டி அந்த எல்லையை நெருங்கியது; பின்னர் பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்து வந்தது. இவ்வளவு சிறிய ஊருக்குச் சொந்தமாகக் காவல்துறை, குடிநீர், மின்வழங்கல் எல்லாம் இருப்பதும், ஐந்து உறுப்பினர் கொண்ட மன்றம் அவற்றை மேற்பார்வை செய்வதும் எனக்கு வியப்பாக இருந்தன. ஆனால் அஞ்சல் முகவரியில் ஊரின் பெயர் இருப்பதாலேயே ஒரு வீடு ஊருக்குள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அதே அஞ்சல் எண்ணுக்குள் வரும் பல வீடுகள் ஊர் எல்லைக்கு வெளியே, மயாமி டவுன்ஷிப் என்னும் தனி உள்ளாட்சிப் பகுதியில் உள்ளன. அவர்களுக்கு ஊர்மன்றத் தேர்தலில் வாக்கில்லை, வரியும் வேறு. எங்கள் வீடு எல்லைக்குள் இருந்தது. ஓஹையோவில் கூட்டாட்சிக்கும் மாநிலத்துக்கும் கட்டும் வருமான வரியோடு, ஊருக்கு ஒரு வருமான வரியும் பள்ளி மாவட்டத்துக்கு மற்றொரு வருமான வரியும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. அவற்றுக்குப் படிவம் தாக்கல் செய்யாமல் விட்டதால், இரண்டாம் ஆண்டில் தண்டத் தொகையோடு கட்ட நேர்ந்தது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, அந்த முகவரி எந்த ஊராட்சிக்கும் எந்தப் பள்ளி மாவட்டத்துக்கும் உட்பட்டது என்பதைக் கவுன்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) நில வரைபடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

முதல் ஆண்டு முழுவதும் என் மனத்தில் இருந்த கேள்வி, 2000-இல் 3,761-ஆக இருந்த மக்கள்தொகை 2010-இல் ஏன் 3,487-ஆகக் குறைந்தது என்பதுதான். பிறப்பு விகிதத்தையும் முதுமையையும் காரணமாக நானே ஊகித்து வைத்திருந்தேன். அத்தையிடம் கேட்டபோது, "கல்லூரியை மூடிவிட்டார்களே" என்றார். ஹொரேஸ் மான் என்னும் புகழ்பெற்ற கல்வியாளரை முதல் தலைவராகக் கொண்டு 1853-இல் திறக்கப்பட்ட ஆன்டியாக் கல்லூரி, பணமுடையால் 2008-இல் மூடப்பட்டது. பழைய மாணவர்களின் முயற்சியால் 2011-இல் மீண்டும் திறக்கப்பட்டாலும் அதன் அளவு முன்பிருந்ததில் ஒரு சிறு பங்கே. கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் ஏப்ரல் முதல் நாளில் விடுதியில் தங்கியிருக்கும் மாணவர் அந்த ஊரின் ஆளாகவே எண்ணப்படுவார். எனவே ஒரு விடுதி பூட்டப்பட்டால், ஒருவர்கூட இறக்காமலும் பெட்டி கட்டாமலும் ஊர் சுருங்கிவிடும். அது போலவே, ஒரே ஒரு முதியோர் இல்லம் ஊரின் இடைநிலை வயதை மேலே தூக்கிவிடும். சிற்றூர் ஒன்றின் அட்டவணையைப் படிப்பவர்கள் அங்குள்ள கல்லூரி, முதியோர் இல்லம், சிறைச்சாலை, தொழிற்சாலை ஆகியவற்றின் வரலாற்றை முதலில் விசாரிக்க வேண்டும். மேலும், பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் முழுக் கணக்கெடுப்பைத் தவிர, இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியாகும் வருமானம், கல்வி, மொழி பற்றிய எண்கள் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. மூவாயிரம் பேர் உள்ள ஊரில் அவற்றின் பிழை எல்லை மிகப் பெரியது. ஓராண்டு ஆசியர் இரட்டிப்பானது போலவும் மறு ஆண்டு பாதியானது போலவும் தோன்றும். அதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இந்தக் கல்லூரியின் வழியாக எனக்குக் கிடைத்த ஒரு செய்தி என்னை நெகிழச் செய்தது. நான் பிறந்தது திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி. காந்திகிராமத்தின் மணியோசை கேட்கும் தொலைவு. ஆன்டியாக் கல்லூரியின் தலைவராக 1920 முதல் 1936 வரை இருந்த ஆர்தர் மார்கன், படிப்பையும் வேலையையும் மாறி மாறிச் செய்யும் முறையை அங்குக் கொண்டுவந்தவர். சிற்றூர்களே ஒரு நாட்டின் பண்பை உருவாக்குகின்றன என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர். டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில், நம் லட்சுமணசுவாமி முதலியாரோடு அவரும் ஓர் உறுப்பினர். ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்ற அக்குழுவின் பரிந்துரைக்கு அவருடைய சிந்தனை ஊக்கம் தந்தது. அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாக 1956-இல் தொடங்கப்பட்ட ஊரக நிறுவனங்களுள் ஒன்று காந்திகிராமம். என் தாயார் பயிற்சி பெற்ற வளாகத்துக்கும் நான் வாடகைக்கு இருந்த தெருவுக்கும் இப்படியொரு உறவு இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

மற்றோர் உறவு இன்னும் நேரடியானது. என் மகள் 2016-இல் பிறந்தாள். அவளுடைய எடையையும் நீளத்தையும் வளர்ச்சி வரைபடத்தில் குறித்துவந்ததை அத்தையிடம் காட்டியபோது, தம்மையும் சிறு வயதில் அப்படித்தான் அளந்தார்கள் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். 1929-இல் இவ்வூரில் தொடங்கப்பட்ட ஃபெல்ஸ் ஆய்வு நிலையம், சுற்றுவட்டாரக் குழந்தைகளைப் பிறந்தது முதல் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து பதிவு செய்துவந்தது. அந்தக் குழந்தைகளில் அவரும் ஒருவர். 1977-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்களில் பச்சிளங்குழந்தைகளுக்கான பகுதி இந்த அளவுகளைக் கொண்டே தயாரிக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் அதையே பன்னாட்டு அளவுகோலாக ஏற்று, 2006-இல் புதிய அளவுகோல் வரும்வரை பரிந்துரைத்தது. 1998-99-இல் நடந்த நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் அந்த அளவுகோலையே கையாண்டது. ஆக, தமிழகத்துக் குழந்தைகளில் எத்தனை பேர் எடை குறைந்தவர்கள் என்று கணக்கிட்டபோது, ஒப்பிடப்பட்டவர்களில் இந்தத் தெருக்களில் தவழ்ந்த குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், வசதியான குடும்பத்தினர், புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்கள். புதிய அளவுகோல் தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஓர் எண்ணைப் பயன்படுத்தும் முன், அதற்காக யாரை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும் என்பதை நான் வகுப்பில் பலமுறை படித்திருக்கிறேன். எண்ணப்பட்டவர் ஒருவரே என் அடுப்படியில் அமர்ந்து தேநீர் குடித்தபோதுதான் அது மனத்தில் பதிந்தது.

இவ்வூரின் கறுப்பின மக்களைப் பற்றிச் சொல்லாமல் இவ்வூரைப் பற்றிப் பேச முடியாது. உள்நாட்டுப் போரின்போது, 1862-இல், மான்க்யூர் கான்வே என்பவர் வர்ஜீனியாவில் தம் தந்தையிடம் அடிமைகளாக இருந்தவர்களை அழைத்துவந்து இங்கே குடியமர்த்தினார். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, தானே உழைத்துச் சேர்த்த பணத்தால் தன் விடுதலையையும் மனைவியின் விடுதலையையும் விலைக்கு வாங்கிய வீலிங் கான்ட், 1860-களில் இங்கு வந்து நிலம் வாங்கி உயர்ந்தார். 1894-இல் இறந்த அவர், ஒன்பது ஏக்கர் நிலத்தை ஊருக்கு எழுதிவைத்து, அதன் வருவாயில் ஏழைக் கைம்பெண்களுக்கு மாவு வாங்கித் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். நிலம் இன்று பூங்காவாகிவிட்டது. மாவு கொடுக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. பின்னாளில் சர்க்கரையும் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு டிசம்பரிலும் ஊராட்சிப் பணியாளர்கள் கைம்பெண்களின் வீட்டுக்கே சென்று கொடுக்கிறார்கள். ஏழை, பணக்காரர், வெள்ளையர், கறுப்பர் என்ற பிரிவினை இன்றி அது எல்லோருக்கும் போகிறது.

ஆனால் தாராளமான ஊர் என்ற புகழை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆன்டியாக்கில் படித்து 1951-இல் பட்டம் பெற்ற கொரெட்டா ஸ்காட், பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியானவர், கற்பித்தல் பயிற்சிக்காக இவ்வூர்ப் பொதுப்பள்ளிக்குச் செல்ல விரும்பியபோது அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கறுப்பினத்தவருக்கு முடிவெட்ட மறுத்த கடை ஒன்றின் முன்னால் 1964 மார்ச்சில் நடந்த மறியலில் மாணவர்கள் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். அதே காலத்தில்தான் இவ்வூரின் காவல்துறைத் தலைவராகக் கறுப்பினத்தவர் ஒருவர் பணியாற்றிக்கொண்டிருந்தார். இவை மூன்றும் ஒரே ஊரின் உண்மைகள். அரை நூற்றாண்டாகக் கறுப்பினக் குடும்பங்களின் பங்கு குறைந்துகொண்டே வந்திருப்பதை ஊரார் வெளிப்படையாகக் கவலையோடு பேசுகிறார்கள். தேவாலயத்தில் பாட்டியும் தாத்தாவும் மட்டும் மிச்சமிருக்க, பேரப்பிள்ளைகள் டேட்டனிலும் கொலம்பஸிலும் இருப்பதை நானே பார்த்தேன்.

அன்றாட வாழ்வில் நான் கற்றவற்றுள் முதன்மையானது, கூட்டங்களுக்குப் போவது. மாதம் இருமுறை திங்கட்கிழமை மாலையில் மன்றம் கூடும். எவரும் எழுந்து சில நிமிடங்கள் பேசலாம். எங்கள் தெருவின் நடைபாதையை மரவேர் தூக்கிவிட்டதால் குழந்தையின் தள்ளுவண்டியைச் சாலையில் இறக்கித் தள்ள வேண்டியிருந்தது. மூன்று மாதங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயனின்றி, ஒருநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மன்றத்தில் நடுக்கத்தோடு பேசினேன். வாக்குரிமை இல்லாத அயல்நாட்டவள் என்று எவரும் என்னைத் தடுக்கவில்லை. மறுவாரம் அது 1880 முதல் வெளிவரும் ஊர்ச் செய்தித்தாளில் ஒரு வரியாக வந்தது. மளிகைக்கடையில் முன்பின் அறியாதவர்கள் என்னை நிறுத்தி நடைபாதையைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு அது செப்பனிடப்பட்டது. அங்கு ஒருவரோடு மனவேறுபாடு வந்தாலும் பேச்சை முறித்துக்கொள்ள இயலாது. மறுநாளே அஞ்சலகத்திலோ நூலகத்திலோ எதிரெதிரே நிற்க நேரும். குறை சொல்லும்போது நாளை முகம் பார்க்கும்படி சொல்லப் பழகினேன்.

ஊரின் ஒரே மளிகைக்கடையில் பருப்பும் புளியும் கிடைக்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை டேட்டனை அடுத்த பீவர்கிரீக் ஊரிலுள்ள இந்துக் கோயிலுக்குப் போகும் நாளையே மளிகை வாங்கும் நாளாகவும் வைத்துக்கொண்டோம். ஜூனிலும் அக்டோபரிலும் நடக்கும் தெருத் திருவிழா நாளில் காரை வெளியே எடுக்க எண்ணாதீர்கள்.

சூறாவளியை மட்டும் எளிதாக எண்ண வேண்டாம். பக்கத்து ஊரான ஸீனியாவை 1974 ஏப்ரல் 3 அன்று உருக்குலைத்த சூறாவளியைப் பற்றி அங்குள்ள முதியவர்கள் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுகிறார்கள். 2019 மே 27 இரவு டேட்டன் வட்டாரத்தைச் சூறாவளிகள் அடுத்தடுத்துத் தாக்கியபோது, எங்கள் வாடகை வீட்டில் நிலவறை இல்லை. சங்கு ஒலித்ததும் மூன்று வயது மகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அத்தையின் வீட்டு நிலவறைக்கு ஓடினோம். அவர் எங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் தெரு தப்பியது. அந்தச் சமவெளியில் வீடு பார்ப்பவர்கள் சமையலறையைப் பார்க்கும் முன் நிலவறை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரவில் ஓடிச்சென்று தட்டுவதற்கு எந்தக் கதவு என்பதை முதல் வாரமே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் தொடக்கத்தில், கணக்கெடுப்புப் படிவத்தை நானே நிரப்பினேன். மூன்று பேர், "ஆசிய இந்தியர்" என்ற கட்டத்தில் மூன்று குறிகள். மறு ஆண்டு வெளியான முடிவில் மக்கள்தொகை 3,697. முந்தைய கணக்கைவிட 210 பேர் கூடுதல்; பல பத்தாண்டுகளில் முதல் ஏற்றம். அந்த 210-இல் நாங்களும் இருக்கிறோம் என்ற மகிழ்ச்சியோடு அட்டவணையைப் பார்த்தபோது, நாங்கள் ஊரை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுரிமையாளர் வீட்டை விற்க முடிவு செய்ததும், எங்கள் வருமானத்துக்கு அங்கு வேறு வீடு கிடைக்கவில்லை. அழகும் அமைதியும் நல்ல பெயரும் உள்ள ஊரில், சுற்றியுள்ள விளைநிலத்தைக் காக்க வேண்டும் என்று மக்கள் உறுதியாக இருக்கும்போது, இருக்கும் வீடுகளின் விலை ஏறாமல் என்ன செய்யும்? 1998-இல் தொடங்கப்பட்ட சமூக நில அறக்கட்டளை ஒன்று, நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் எளிய குடும்பங்களுக்கு விற்கிறது. வாங்கியவர் பின்னாளில் விற்கும்போது, அடுத்த எளிய குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் விலைக்கே விற்க வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் வீடுகள் குறைவு. நாங்கள் விசாரிக்கத் தொடங்கியதோ மிகத் தாமதமாக. வாடகைக்குக் குடியேறிய முதல் ஆண்டிலேயே அத்தகைய அமைப்புகளில் பதிவு செய்துகொள்ள வேண்டும். யார் தங்க முடிகிறது என்பதுதான் ஓர் ஊரின் அடுத்த கணக்கெடுப்பைத் தீர்மானிக்கிறது. கறுப்பினக் குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்ததற்கான காரணத்தில் ஒரு பகுதி, எங்கள் பெட்டிகளைக் கட்டும்போதுதான் எனக்கு விளங்கியது.

அத்தையின் கணவர் 2018 செப்டம்பரில் காலமானார். அந்த டிசம்பரில் ஊராட்சி வண்டி அவர் வீட்டின் முன் நின்றபோது நான் சன்னலில் நின்றிருந்தேன். பணியாளர் மாவுப் பையையும் சர்க்கரையையும் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி இரண்டு சொல் பேசிவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் அத்தை மாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தம் தாயாருக்கும் இந்த மாவு வந்ததாகவும், அந்தப் பட்டியலில் தம் பெயரும் ஏறிவிட்டதைக் கையில் வாங்கும்வரை உணரவில்லை என்றும் சொன்னார். இனித் தமக்காக மட்டும் எதுவும் செய்து சாப்பிட மனமில்லை என்றார். அது நம் மைதாதான். எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி வைத்து, பிற்பகலில் பரோட்டாவுக்கு வீசினேன். அவர் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, உருண்டைகளை எனக்கு எடுத்துத் தந்துகொண்டிருந்தார்.